இன்னொரு செருப்பு

கண்காட்சியில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு திரை, அதன் பொருளைத் தானே எழுதிக் காட்டியது. வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு நகர்ந்தார்கள்.

ஒரு காலில் மட்டும் செருப்போடு தெருவில் நிற்கும் தன் அம்மாவை ஜெபக்கனி படமெடுத்திருந்தாள். திரை ‘வறுமை’ என்றது.

மாற்றச் சொன்னாள்.

“திரை தப்பாச் சொல்லாது மேடம்,” என்றார் நிர்வாகி.

தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அம்மா அதைப் படித்தாள்.

“வறுமையா? ஏட்டி, ஒன் கேமராவப் புடுங்க வந்தவன் மூஞ்சியில வீசுனதுல்லா அந்தக் கால்ல இல்லாத செருப்பு!”

குனிந்தாள். செருப்பு பறந்தது. திரை அணைந்தது.

நகர்ந்த கூட்டம் நின்று படத்தைப் பார்த்தது.

“இன்னொரு செருப்பு எங்கே?” என்று ஒருவர் முதல்முறையாகக் கேட்டார்.

அம்மா அடுத்த திரையை நோக்கி நடந்தாள். காலில் இன்னும் ஒன்று இருந்தது.