மேசைக்கு அடியில் நாற்பத்திரண்டு போன்கள்

"பெட்டியைத் திறக்கணும் சார்" என்றாள் பானுப்பிரியா.

மேலாளர் கோகுல்நாத் சிரித்தார். "இன்னாம்மா, சாயங்காலம் வரைக்கும் போன் இல்லாம இருக்க முடியலியா? ஈவினிங் கம்ப்யூட்டர் கிளாஸ்ல இதான் சொல்லித் தராங்களா?"

முதலாளி ஹேமநாதன் சிரிக்கவில்லை. அவளோடு வேலை பார்க்கும் தப்ரேஸை வேலையிலிருந்து நீக்கும் கடிதம் அவர் முன்னால் கிடந்தது. கையெழுத்துதான் பாக்கி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் கதவுப் பூட்டு செய்கிற கம்பெனி அது. புதுப் பூட்டின் விவரம் இரண்டு மாதம் முன்பு வெளியே கசிந்தது. மறுநாளே சட்டம் வந்தது. காலையில் வாசலிலேயே எல்லோருடைய போனும் வாட்சும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

அப்படியும் போன வாரம் மறுபடி கசிந்தது. பூட்டு வாங்கும் கார் கம்பெனி, கசியவிட்டவர் பேரைக் கேட்டது.

தப்ரேஸ் ஒருநாள் ஸ்மார்ட் வாட்சைக் கழற்ற மறந்து உள்ளே வந்துவிட்டான். அவன்மேல் பழி விழ அது போதுமாக இருந்தது.

பானுப்பிரியா நான்கு நாள் யோசித்தாள். நோட்டில் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். இத்தனை பேருக்குத் தோன்றாதது தனக்கு மட்டும் எப்படித் தோன்றும் என்று அவளுக்கே சந்தேகம்.

கம்பெனியிலேயே பத்திரமான இடம் என்று முதலாளி அந்தப் பெட்டியை வைக்கச் சொன்னது தன் அறையில், தன் மேசைக்கு அடியில்.

ரகசியமெல்லாம் பேசப்பட்டது அந்த மேசையில்.

"உள்ள நாப்பத்திரண்டு போனும் முழிச்சுக்கினுதான் சார் இருக்குது. யாரோ ஒருத்தர் போன்ல வேண்டாத ஆப் ஒண்ணு இருந்தா போதும். அது காது குடுக்கறது வெச்சிருக்கறவங்களுக்கே தெரியாது."

"இரும்புப் பெட்டிம்மா! அதுக்குள்ள இன்னா கேக்கும்?" என்றார் கோகுல்நாத்.

அதைத்தான் அவளும் நான்கு நாளாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காலையில என் போன்ல ரெக்கார்டர் போட்டுட்டுதான் சார் பெட்டில வெச்சேன். தப்புதான். ஒண்ணும் கேக்கலன்னா எனக்கும் சேர்த்து லெட்டர் அடிச்சிடுங்க."

ஹேமநாதன் குனிந்து பெட்டியைத் திறந்தார்.

பானுப்பிரியா தன் போனை எடுத்து, பதிவைக் காலை பத்து மணி வாக்கில் வரும் இடத்துக்கு நகர்த்தி ஓடவிட்டாள். வெறும் இரைச்சல்.

நாற்காலி இழுபட்டது. டீ கிளாஸ் வைக்கும் சத்தம். அப்புறம் கொஞ்சம் அமுங்கலாக, ஆனால் சந்தேகமே இல்லாமல், முதலாளியின் குரல்.

"தப்ரேஸ் பண்ணலன்னு எனக்கே தெரியும் கோகுல். கஸ்டமருக்கு ஒரு பேரு சொல்லியாகணுமே."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. நிறுத்தத் தேடிய விரல் இரண்டு முறை தவறியது.

"இருக்கட்டும்மா. ஓடட்டும்" என்றார் ஹேமநாதன்.

ஓடியது. "ஆமா சார்" என்று கோகுல்நாத்தின் குரல் மூன்று முறை கேட்டது. நேரில் நின்ற கோகுல்நாத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹேமநாதன் கடிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். மேசைத் தொலைபேசியை இழுத்து, எண்களை நிதானமாக அழுத்தினார்.

"வணக்கம் சார். விவரம் எப்படி வெளிய போச்சுன்னு தெரிஞ்சிடுச்சு. நீங்க பேரு கேட்டீங்க இல்ல?"

மறுமுனையில் ஏதோ சொன்னார்கள்.

"எழுதிக்கோங்க. ஹேமநாதன்."