ஒரே ஒரு பெண் பூ

கெலுகோர் ஊரின் வரிசை வீடொன்றின் பின்பக்கத்தில், காலை வெயில் இப்போதே சிமெண்டுச் சுவரைச் சுட வைத்திருக்கிறது. பாகற்கொடியின் முன் ரூபினியும் கணவர் ஸ்ரீகரனும் குனிந்து நிற்கிறார்கள். இந்த வருடச் சூட்டில் கொடி ஆண் பூக்களாகவே பூத்துத் தள்ளியது. இன்றுதான், விரல்நுனி அளவுப் பிஞ்சோடு, முதல் பெண் பூ விரிந்திருக்கிறது. மற்ற கொடிகள் கருகிவிட்டன, வீட்டில் விதையும் மிச்சமில்லை. இந்தப் பிஞ்சு காயாகிப் பழுத்தால்தான் அடுத்த நடவு. தேனீ ஒன்றையும் காணோம். "காய்க்காத பூவுன்னு நேத்து எல்லாத்தையும் கிள்ளிப் போட்டீங்களே! அதுலதானே மகரந்தம் இருக்கு?" என்கிறாள் ரூபினி. "கொடிக்குப் பாரம் குறையட்டும்னு செஞ்சேன்லா. திட்டாம தேடு." இலைக்கு அடியில் ஒதுங்கிய ஓர் ஆண் பூ அகப்படுகிறது. ஸ்ரீகரன் அதை நகத்தில் லேசாகத் தேய்க்கிறார். தூள் ஒட்டினால் நம்பிக்கை உண்டு. இரவுப் புழுக்கத்தில் கெட்டிருந்தால் ஒன்றும் ஒட்டாது. நகத்தில் மஞ்சள் இருப்பது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது. ஆண் பூவில் மிச்சமிருப்பதைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுகிறார். இனி அந்தத் தூள் நூல்போல் உள்ளே நீண்டு பிஞ்சைத் தொட வேண்டும்; அதுவரை பூ உலரக் கூடாது. வெயில் சுவரைத் தாண்டி இலைமேல் விழுகிறது. ரூபினி இரண்டு கைகளையும் பூவுக்கு மேல் கூரையாகப் பிடிக்கிறாள். "எவ்வளவு நேரம்லா இப்படியே நிப்பே?" "வேலைக்கு நேரமாச்சுன்னா நீங்க போங்க." அவர் போகவில்லை. சுற்றி வந்து, தன் நிழல் அவள் கைகளின் மேல் விழும்படி வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கிறார்.