ஜன்னலோரக் காது

“வண்டியை நிறுத்தும்மா! காட்டெருமை!”

மனைவி மெதுவாக பிரேக் போட்டாள். பின்சீட்டில் கணவர் கேமராவைத் தூக்கினார். டிக்கெட் எடுத்த பயணி போல அவருக்கு முன்னால் அவர்கள் வீட்டு நாய் ஜன்னலில் தலையை நீட்டியது. பக்கவாதம் வந்து தேறிய பிறகு பத்திரிகைக்குப் படமெடுக்க அவர் காட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. கை நடுக்கம் இன்னும் போகவில்லை.

மூன்றாம் நாள் விடுதி அறையில் லேப்டாப்பைத் திறந்து படங்களைப் பார்த்தார். அத்தனையும் கண்ணாடி மாதிரி தெளிவு.

“பாத்தீங்களா? உங்க கை பழையபடி ஆயிடுச்சு!”

“அப்படியா?” என்றவர் நாயின் தலையைத் தடவினார். “இந்தப் பய மூணு நாளும் என் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. நான் எடுத்த படம்னா எல்லாத்துலயும் இவன் காது விழுந்திருக்கணுமே?”

முன்சீட்டிலிருந்து இன்னொரு கேமராவில் தானும் படமெடுத்து, அவருக்குத் தெரியாமல் மெமரி கார்டை மாற்றி வைத்தவள், திருதிருவென விழித்தாள்.

“முழிக்காதே. இதையெல்லாம் பத்திரிகைக்கு உன் பேர்ல அனுப்பறேன். அந்தக் காது படத்தையெல்லாம் எங்க ஒளிச்சு வச்சிருக்கே? எடு, நம்ம வீட்டு ஹால்ல மாட்டணும்.”