முடிவு தேதி

"உங்க வேலைக்கும் என் வேலைக்கும் என்ன சார் வித்தியாசம்?" தலைமை ஆபீஸ் அனுப்பிய புராஜெக்ட் மேனேஜரிடம் ஃபோர்மேன் கேட்டார்.

"என்னுதுக்கு முடிவு தேதி உண்டு. நீங்க தினமும் ஒண்ணைச் சீராக்கிட்டே இருக்கீங்க. அதுக்கு ஏது முடிவு?"

ஃபோர்மேனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றே பேக்கிங் மேசையை மெஷினை ஒட்டி இழுத்துப் போட்டார்.

"நடந்து நடந்து வர்ற கால்வலி இனி இல்லீங்க," என்றாள் பேக்கிங்கில் இருந்த அவர் மனைவி.

இப்படித் தினமும் ஒன்றைச் சீராக்கியதில், வருஷக் கடைசி வரை இழுக்க வேண்டிய ஆர்டர்கள் சீக்கிரமே முடிந்தன. எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் ஓடிவந்து கைகுலுக்கினார்.

"உங்க புண்ணியத்துல என் புராஜெக்ட் இந்த வாரமே முடியுது."

"என்ன புராஜெக்ட் சார், புது மெஷின் வருதா?"

"கையில இருக்கற ஆர்டரை முடிச்சுட்டு ஃபேக்டரியை மூடறது."

மேசையருகே அவர் மனைவி இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தாள்.