டவர் இருக்கு, நெட்டு இல்ல

"ஃப்ளைட் மோடு போட்டு எடுத்தியாப்பா?"

"எடுத்துட்டேம்மா."

"சரி, போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. பத்து நிமிஷம் கழிச்சு கூப்பிடறேன்."

செல்போன் கடை மணிவேலுக்குப் பொறுமை போய்விட்டது. கடை வாசல் பெஞ்சில் ராஜாக்கண்ணு போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரில் பேசியது அவர் மகள் கலைவாணி. ஓசூரில் ஏதோ ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

ராஜாக்கண்ணு ஊரில் டவர் எடுக்காது. வாரத்துக்கு ஒரு நாள் புளியோ சாமையோ மூட்டை கட்டி ஜமுனாமரத்தூருக்கு பஸ்ஸில் வருவார். விற்றதும் நேரே இந்தப் பெஞ்சுதான். மகளுக்கு ஒரு மிஸ்டு கால். அவள் கூப்பிட்டதும், "நெட்டு வரலம்மா" என்பார். இரண்டு மாதமாக இதே பாட்டு.

பத்து நிமிஷம் கழித்து மறுபடி மணி அடித்தது.

"இப்ப செட்டிங்ஸ் போப்பா. கீழ தள்ளிக்கினே போ. இன்னா எழுதியிருக்குது?"

"பேட்டரி படம் வருதும்மா."

"அது இல்ல, மேல வா. ஆமா, செவலை மாடு கன்னு போட்டுச்சா?"

"போட்டுச்சும்மா. கெடேரி. மொகத்துல வெள்ளையா ஒரு சுட்டி."

"உன் காலு புண்ணு?"

"ஆறிடுச்சு. நீ குடுத்த மருந்துதான் போட்டேன். பொங்கலுக்கு லீவு குடுப்பாங்களாம்மா?"

"தெரியலப்பா. இப்ப நெட்வொர்க்னு இருக்குதா பாரு."

மணிவேல் தலையில் அடித்துக்கொண்டான். அப்பனுக்குத்தான் ஒன்றும் தெரியாது, படித்த பெண்ணுக்குமா தெரியாது? இரண்டு நிமிஷ வேலைக்குக் கன்றுக்குட்டியின் ஜாதகம் வரை போகிறார்கள். கல்லாவை விட்டு எழுந்து வந்தான்.

"இப்படிக் குடு மாமா."

போன் கைக்கு வந்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. டவர் கோடு நாலும் நிற்கிறது, நெட்டு மட்டும் ஓடவில்லை. பிரைவேட் டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்தான். விளம்பரம் வராமலிருக்க யாரோ ஒரு பெயரைப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம்.

"நெட்டுக்கு வழி சொல்ற ஆளோட பேரு மாமா இது. பேரு தப்புன்னா அந்த ஆளைப் புடிக்க முடியாது, போனு வழி தெரியாம நின்னுடும். நீ கை வெச்சு எதையோ அழிச்சிருக்க."

ராஜாக்கண்ணு குனிந்து துண்டை உதறினார்.

மணிவேல் எழுத்தைச் சேர்த்தான். நெட்டு ஓடியது. இனி யாரும் நோண்டாமலிருக்க செட்டிங்ஸுக்கே ஒரு பூட்டும் போட்டான். காசு வாங்கப் போவதில்லை. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு ஸ்பீக்கர் பக்கம் குனிந்தான்.

"கலைவாணிம்மா, கடை மணிவேலு பேசறேன். சரி பண்ணி பூட்டும் போட்டுட்டேன். இனிமே அப்பாவால உனக்குத் தொல்லையே இல்ல."

"சரிண்ணா. தேங்க்ஸ்ண்ணா. அப்பா, வேற இன்னா?"

"வேற ஒண்ணுமில்லம்மா. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீ?"

"ஆச்சு."

"சரிப்பா."

"வெச்சுடறேம்மா."

முழுசாக அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ராஜாக்கண்ணு எழுந்திருக்கவில்லை. அவர் ஊர் பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு, புறப்பட்டும் போயிற்று.

"இன்னா மாமா, பஸ்ஸ வுட்டுட்ட?"

"அந்தப் பூட்ட எடுத்துடு மணிவேலு."

"எதுக்கு?"

"நாந்தான் அழிச்சேன். மொத தடவ கை தவறி அழிஞ்சுது, அப்பறம் வாராவாரம் நாந்தான் ஒரு எழுத்தை அழிப்பேன்."

மணிவேல் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அவங்கம்மா இருந்த வரைக்கும் ரெண்டு பேரும் மணிக்கணக்குல பேசுங்க. அவ போய் மூணு வருசமாச்சு. எனக்குப் பேச வரல. சாப்ட்டியா, சாப்ட்டேன், அதோட தீந்துபூடுது. நெட்டு இருந்தா வீடியோல வந்துடும், மொகத்தப் பாத்தா பாத்துக்கினே இருந்துடறேன், அதுக்கு அப்பறம் எங்க பேசறது? நெட்டு வரலன்னாதான் புள்ள முக்கா மணி நேரம் என்னோட இருக்குது. வூட்டுக்குப் போயி படுத்தா, அதைத்தான் ஒவ்வொண்ணா நெனச்சுக்கினு கெடப்பேன்."

மணிவேல் போனை வாங்கி, பூட்டை எடுத்தான். பிறகு தானே ஓர் எழுத்தை அழித்துவிட்டு அவர் கையில் கொடுத்தான். அவர் வாங்கி, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் மணிவேல் தன் போனிலிருந்து கலைவாணியைக் கூப்பிட்டான். அவர் போனில் பார்த்த நம்பர்தான்.

"நான் சொன்னது தப்பும்மா. அந்த ரிப்பேரு முழுசா போவல. மறுபடி வரும் போல இருக்குது. கோச்சுக்காம நீதான் சொல்லிக் குடுக்கணும்."

கலைவாணி மூச்சு விட்ட சத்தம் கேட்டது.

"பூட்டை எடுத்துட்டீங்களாண்ணா?"

"எடுத்துட்டேன்."

"நல்லதுண்ணா. அந்த எழுத்த சேக்க எனக்கு ரெண்டு நிமிஷம் போதும். நாந்தான் செட்டிங்ஸ்ல அவரை அந்த எடத்துக்கு நேரா கூட்டிப் போறதில்ல."