ஜூலி முகர்ந்த சட்டை

சட்டையை விரித்துப் போட்டேன். ஜூலி முகர்ந்து பார்த்தது. ஒரு தும்மல் போட்டுவிட்டு மறுபடி வாசலுக்கே போய்விட்டது.

உங்கள் கணவர் எட்வர்ட் உடுத்திய துணி ஒன்றைத் துவைக்காமல் நாய் பக்கத்தில் போடுங்கள், வாசனைக்கு ஊளை அடங்கும் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார்.

மற்ற துணிகளையெல்லாம் துவைத்துக் கோயிலில் கொடுத்துவிட்டோம். மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். ஆணி அடித்த சவப்பெட்டியோடு கம்பெனி ஆட்கள் கொண்டுவந்து கொடுத்தது. அவர் கழற்றி வைத்திருந்த சட்டை என்றார்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம், முகத்தைப் பார்க்க முடியாது என்றும் சொன்னார்கள்.

நானும் முகர்ந்து பார்த்தேன். புதுத்துணிக் கஞ்சி வாசனை. காலரில் துளி அழுக்கில்லை.

பக்கத்து வீட்டு ரோசம்மாள் அக்கா எட்டிப் பார்த்தாள். "இன்னா ஷைனி, இதுக்கும் அடங்கலியா? நீ வேலைக்குப் போனா பொழுதுக்கும் ஊளையிட்டுக்கினே கீது. நாயத் தொரத்து, இல்லேன்னா ஊட்டக் காலி பண்ணுன்றாரு ஓனரு."

அவர் வளர்த்த நாய். எங்கே கொண்டுபோய் விடுவது?

அடக்கத்தன்றும் அது பெட்டிக்குப் பின்னால் வரவில்லை. கம்பெனிப் பக்கம் பார்த்தபடி வாசலிலேயே உட்கார்ந்திருந்தது.

அவர் வேலை பார்த்த அதே இரும்பு உருக்கும் கம்பெனியில்தான், கேன்டீனில், எனக்கு வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று டீ கொண்டுபோகிற ஆள் வரவில்லை. முதல் முறையாக ஃபர்னஸ் கொட்டகைக்குள் நானே போனேன்.

பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவரோடு ஒரே ஷிப்டில் இருந்த வரதன் மட்டும் எதிரே ஓடிவந்தார். "நீ இன்னாத்துக்கு அண்ணி உள்ள வந்தே?"

டீத் தூக்கை வாங்கிக்கொண்டவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

வரதனுக்குப் பின்னால் உலைவாயில் இரும்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாயைச் சுற்றிப் புதிதாகக் கைப்பிடிக் கம்பி போட்டிருந்தார்கள். பச்சைப் பெயின்ட்கூட இன்னும் மங்கவில்லை. கூரையிலிருந்து கருந்தூள் என் தலையிலும் புடவையிலும் உதிர்ந்தபடி இருந்தது.

சாயந்தரம் கேட்டைத் திறந்ததும் ஜூலி பாய்ந்து வந்தது. முந்தானையை முகர்ந்தது. கையை முகர்ந்தது. தோளில் கால் போட்டுத் தலைமுடியை முகர்ந்தது. அவர் ஷிப்டு முடிந்து வரும்போது முனகுமே, அதே முனகல்.

பிறகு என் மடியில் தலையை வைத்துத் தூங்கிவிட்டது.

அந்தப் பெட்டியை ஆறு பேர் தூக்கினார்கள். கனமாகத்தான் இருந்தது. உள்ளே என்ன வைத்து ஆணி அடித்தார்களோ.

நான் புடவையை உதறாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.