கோணல் குழல்

"இந்தக் குழல் கோணல். இல்லேன்னா என் குறி தப்புமா? இதைக் கழட்டி எறியப் போறேன்!" என்றான் வெண்டெல், தன் வேட்டைத் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டி. மொன்டானா மலையில் இந்த சீசன் முழுக்கச் சுட்டும் அவனுக்கு ஒரு மான்கூட விழவில்லை.

"துப்பாக்கிக் குழல் கழட்டத் தனி ஸ்பேனர் இருக்காமே?" என்றாள் மனைவி லோர்னா.

"அதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு!"

பைப் ரெஞ்சு வழுக்கியது. கட்டியிழுத்த பெல்ட் அறுந்தது. மேசைக்கால் உடைந்தது. ஒருவழியாகக் குழல் நசுங்கிக் கழன்றது.

"ஒழிஞ்சுது சனியன்!" என்று அதைக் குப்பையில் வீசிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். மான்கறியை ருசித்தான்.

"நீ சுட்டதாச்சே! உன் துப்பாக்கி நல்ல துப்பாக்கிடி."

"அது அன்னிக்கு மக்கர் பண்ணிச்சு," என்று இன்னொரு துண்டு வைத்தாள் லோர்னா. "உன்னோடதுலதான் சுட்டேன். ஒரே குண்டு."